எதற்கு எவ்வளவு? மருந்திலும் பாலிலும் விகிதக் கணக்கு

சுகாதாரப் பகுதி
(தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர் எழுதுவது)



"டிரெசர் ஐயா இந்தத் தடவை கணக்கு வாத்தியாராகிட்டாரே!" என்று சிரித்து விடாதீர்கள். ஆஸ்பத்திரி ஜன்னலில் மருந்து வாங்க வரும்போது நீங்கள் கேட்கும் கேள்விகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

"பெரியவனுக்குக் கொடுத்த காய்ச்சல் மருந்து மிச்சம் இருக்கு. சின்னதுக்கும் அதே அளவு ஊத்தலாமா, ஐயா?"

"உப்புத்தூள் பொட்டலத்தைப் பெரிய போத்தல்ல கரைச்சிட்டேன். பரவாயில்லையா?"

"பால்மாவு டின் மாத்தியிருக்கு. பழைய கரண்டிக் கணக்குப்படியே போடலாமா?"

"காய்ச்சல் அனலா அடிக்குது. ரெண்டு பங்கா கொடுக்கட்டுமா?"

இவை நான்கும் வைத்தியக் கேள்விகள் போலத் தோன்றும். உண்மையில் நான்கும் கணக்குக் கேள்விகள். தமிழ்ப்பள்ளியில் நம் பிள்ளைகள் படிக்கிறார்களே, விகிதக் கணக்கு, அதுதான் இது. பரீட்சையில் தவறு செய்தால் மார்க்கு குறையும். வீட்டில் தவறு செய்தால் பிள்ளையின் உடம்பு கெடும். ஆகவே இந்த மாதம் அந்தக் கணக்கைப் பார்ப்போம். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

விகிதம் என்றால் என்ன?

இரண்டு அளவுகளைப் பக்கத்தில் வைத்து, ஒன்றுக்கு மற்றொன்று எத்தனை மடங்கு என்று பார்ப்பதே விகிதம். இது தேயிலைத் தோட்டத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. பச்சைக் கொழுந்து ஏறக்குறைய 4 முதல் 5 கிலோ இருந்தால்தான் தொழிற்சாலையில் 1 கிலோ தேயிலைத்தூள் கிடைக்கும். மிச்சமெல்லாம் தண்ணீராகப் போய்விடுகிறது. 5 கிலோ என்றே வைத்துக்கொண்டால், விகிதம் 5-க்கு 1. கொழுந்து 50 கிலோ என்றால் தூள் 10 கிலோ. 500 கிலோ என்றால் 100 கிலோ. எண்கள் மாறுகின்றன, 5-க்கு 1 என்ற உறவு மாறவில்லை. அந்த மாறாத உறவுதான் விகிதம்.

உடம்பிலும் ஒரு விகிதத்தை நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரு கயிற்றை எடுத்து, உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை உங்கள் உயரத்துக்கு வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடித்து இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். முனைகள் ஒன்றையொன்று தொட்டால் நல்லது. தொடவில்லை என்றால் இடுப்புச் சுற்று உயரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் கதவு திறந்திருக்கிறது என்று பொருள். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு இடுப்பு 80-க்குள் இருக்க வேண்டும். நெட்டையானவர், குட்டையானவர் எல்லாருக்கும் இந்த ஒரே கயிறு போதும். விகிதத்தின் வசதி அதுதான்.

விகிதத்தைச் சொல்லும்போது ஓர் இடத்தில் பலரும் இடறுவார்கள். "1-க்கு 4" என்பதும் "5-ல் 1" என்பதும் ஒரே கலவைதான். ஒரு பங்கு மருந்தும் நான்கு பங்கு தண்ணீரும் சேர்ந்தால் மொத்தம் ஐந்து பங்கு. ஆனால் "5-ல் 1" என்று எழுதியிருப்பதைப் பார்த்து, ஒரு பங்கு மருந்துக்கு ஐந்து பங்கு தண்ணீர் ஊற்றினால் மொத்தம் ஆறாகி, கலவை நீர்த்துவிடும். பங்குக்குப் பங்கு சொல்கிறார்களா, மொத்தத்தில் பங்கு சொல்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோவிட் காலத்தில், 2020-ல், மேசை நாற்காலி துடைக்க பிளீச் நீர் கலந்தோமே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். போத்தலில் இருப்பது 100-க்கு 5 பங்கு வீரியம். மேசை துடைக்கத் தேவை 100-க்கு 0.1 பங்கு. அதாவது 50 மடங்கு நீர்க்க வேண்டும். 1 பங்கு பிளீச்சுக்கு 49 பங்கு தண்ணீர், மொத்தம் 50. ஒரு லிட்டர் வேண்டுமானால் 20 மில்லி பிளீச், 980 மில்லி தண்ணீர். கண்ணளவில் ஊற்றினால் வீடெல்லாம் நெடியடித்து மூச்சு முட்டும். கக்கூஸ் கழுவும் ஆசிட் திராவகத்தோடு மட்டும் பிளீச்சை எந்த விகிதத்திலும் கலக்கக்கூடாது. விஷ வாயு கிளம்பும்.

நேர் விகிதம்: ஒன்று கூடினால் மற்றதும் கூடும்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பெரியவனுக்குக் கொடுத்த அளவைச் சின்னவனுக்குக் கொடுக்கலாமா?

கூடாது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மருந்து, அதாவது பாரசிட்டமோல், உடல் எடையைப் பார்த்துக் கொடுக்க வேண்டியது. ஒரு கிலோ எடைக்கு ஒரு தடவைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். எடை இரட்டிப்பானால் மருந்தும் இரட்டிப்பாகும். எடை பாதியானால் மருந்தும் பாதியாகும். இப்படி இரண்டும் ஒரே திசையில், ஒரே மடங்கில் போவது நேர் விகிதம்.

கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று வைத்துப் பார்ப்போம். 8 கிலோ குழந்தைக்கு 8 × 15 = 120 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் ஒரு வகை மருந்துப் போத்தலில் "5 மில்லியில் 120 மில்லிகிராம்" என்று போட்டிருக்கும். ஆகவே இந்தக் குழந்தைக்கு 5 மில்லி. அண்ணன்காரன் 16 கிலோ. அவனுக்கு 16 × 15 = 240 மில்லிகிராம்; அதே போத்தலில் 10 மில்லி. அண்ணனுக்குரிய 10 மில்லியைத் தம்பிக்கு ஊற்றினால் தம்பிக்கு இரண்டு மடங்கு போகிறது. ஒரு நாளில் நாலு தடவை, மூன்று நாள் இப்படிப் போனால் ஈரல் கெடும்.

தெரிந்த மூன்று எண்களை வைத்துத் தெரியாத நான்காவது எண்ணைக் கண்டுபிடிக்கும் இந்த வழி மிகப் பழையது. ஆரியபட்டர் கி.பி. 499-ல் எழுதிய நூலிலேயே "திரைராசிகம்" என்ற பெயரில் இது இருக்கிறது. 120 மில்லிகிராமுக்கு 5 மில்லி. அப்படியானால் 180 மில்லிகிராமுக்கு எவ்வளவு? 180-ஐ 5-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 7.5 மில்லி. அவ்வளவுதான்.

இதிலிருந்து மூன்று காரியங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, வயதைவிட எடைதான் நம்பத்தக்கது. மூன்று வயதில் 10 கிலோ பிள்ளையும் உண்டு, 16 கிலோ பிள்ளையும் உண்டு. ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் பிள்ளையை நிறுத்துப் பார்த்து, எடையைச் சுகாதாரப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பழைய எடையை வைத்துக் கணக்குப் போட்டால் கணக்கும் பழையதாகிவிடும்.

இரண்டு, வீட்டுக் கரண்டி அளவுகோல் ஆகாது. டீக்கரண்டி வீட்டுக்கு வீடு வேறு. மருந்தோடு வரும் சிறு கோப்பையையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். இல்லையென்றால் எங்களிடம் கேளுங்கள்.

மூன்று, மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். உடனே டாக்டரிடம் கொண்டு போங்கள்.

எதிர் விகிதம்: ஒன்று கூடினால் மற்றது குறையும்

ஒரு மலைச்சரிவைக் கவ்வாத்து வெட்ட 6 பேருக்கு 4 நாள் ஆகிறது. 8 பேர் வெட்டினால் எத்தனை நாள்? ஆள் கூடினால் நாளும் கூடும் என்று யாரும் சொல்ல மாட்டீர்கள். 6 × 4 = 24 ஆள் வேலை. அதை 8 பேருக்குப் பங்கிட்டால் 3 நாள். ஆள் கூடக்கூட நாள் குறைகிறது. பெருக்கினால் வரும் 24 மட்டும் மாறுவதில்லை. இதுதான் எதிர் விகிதம்.

காட்டில் இந்தக் கணக்கு நமக்குத் தெரிகிறது. மருந்துப் போத்தலைக் கையில் எடுத்தால் மறந்துவிடுகிறது. அங்கேதான் ஆபத்து.

பாரசிட்டமோல் திரவம் ஒரே வீரியத்தில் வருவதில்லை. மேலே சொன்னது 5 மில்லியில் 120 மில்லிகிராம். இன்னொன்று 5 மில்லியில் 250 மில்லிகிராம். நிறமும் வாசனையும் ஒன்று போலவே இருக்கலாம். ஆனால் இரண்டாவது ஏறக்குறைய இரு மடங்கு வீரியம். வீரியம் இரட்டித்தால் ஊற்றும் அளவு பாதியாக வேண்டும். 16 கிலோ பிள்ளைக்கு முதல் போத்தலில் 10 மில்லி என்றோம். இரண்டாவது போத்தலில் 4.8 மில்லிதான். "டிரெசர் 10 மில்லின்னு சொன்னாரே" என்று நினைவு வைத்துக்கொண்டு புதுப் போத்தலிலும் 10 மில்லி ஊற்றினால், பிள்ளைக்கு 500 மில்லிகிராம் போகிறது. பெரிய ஆள் சாப்பிடும் ஒரு மாத்திரை அது.

ஆகவே, தாய்மார்களே, "எத்தனை மில்லி" என்பதை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். "எத்தனை மில்லிகிராம்" என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். போத்தல் மாறினாலும் மில்லிகிராம் மாறாது. மில்லிதான் மாறும். தானா ராத்தாவில் வாங்கினாலும் சரி, பிரிஞ்சாங் கடையில் வாங்கினாலும் சரி, முதலில் படிக்க வேண்டியது லேபிளிலுள்ள அந்த இரண்டு எண்களைத்தான்.

எதிர் விகிதத்துக்கு இன்னோர் உதாரணமும் வீட்டிலேயே இருக்கிறது. தொண்டைப் புண்ணுக்கு ஒரு பிள்ளைக்குக் கிருமிக்கொல்லி மருந்து 60 மில்லி கொடுத்து, ஒரு தடவைக்கு 5 மில்லி, நாளைக்கு மூன்று தடவை என்று சொன்னால், அது 4 நாளைக்குக் கணக்குப் பண்ணிக் கொடுத்தது. பக்கத்து அறையில் இருமுகிற தங்கச்சிக்கும் அதிலிருந்தே பங்கு வைத்தால் குடிப்பவர் இருவர், நாள் இரண்டு. இரண்டு பேருக்கும் பாதி வைத்தியம். கிருமி முழுதும் சாகாது. மிஞ்சிய கிருமி அந்த மருந்துக்குப் பழகிக்கொண்டு மறுபடி வரும்போது அடங்க மறுக்கும். பாசத்தால் பங்கு வைக்கிறீர்கள், தெரியும். மருந்தை மட்டும் பங்கு வைக்காதீர்கள். தங்கச்சியையும் கூட்டி வாருங்கள்.

கலவை விகிதம்: கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது

அடுத்து உப்புத்தூள் கேள்வி. வயிற்றாலே போகும்போது கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலை நாம் சாதாரணமாக நினைக்கிறோம். இந்தக் கரைசலின் கதை சாதாரணமானதல்ல.

1971-ல் வங்காளதேசப் போர் நடந்தபோது, அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்காளத்துக்கு ஓடி வந்தார்கள். எல்லையோரம் பன்காவ் என்ற ஊரில் முகாம். அங்கே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. தரையில் கிடந்தவர்களில் 100-க்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் திலீப் மகலநாபிஸ் என்பவர் துணிந்து ஒரு முடிவு செய்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற கணக்கில் கலந்து, வாய் வழியாகக் கொடுக்கச் செய்தார். நோயாளியின் தாயும் தமக்கையுமே கோப்பையால் ஊட்டினார்கள். சாவு 100-க்கு 4-க்கும் கீழே இறங்கியது. 2022-ல் அந்த டாக்டர் காலமானார். மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. விகிதம்தான் வேலை செய்தது. பேதியாகும் குடல், வெறும் தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஆனால் குடல் சுவரில் ஒரு வாசல் உண்டு. உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால் அந்த வாசல் திறக்கும். அவை உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகும். 2002-ல் உலக சுகாதார நிறுவனம் திருத்திய பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 75 அலகு சோடியம், 75 அலகு குளுக்கோஸ். ஒன்றுக்கு ஒன்று. அதற்கு முந்திய பொட்டலத்தில் 90-க்கு 111 இருந்தது. நீர்ப்பாக இருந்தால் இன்னும் நன்றாக உறிஞ்சப்படுகிறது, சலைன் ஏற்றும் தேவையும் குறைகிறது என்று கண்டு குறைத்தார்கள்.

இப்போது கேள்விக்குப் பதில் சொல்கிறேன். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ அவ்வளவுதான் ஊற்ற வேண்டும். எல்லாப் பொட்டலமும் ஒரே அளவல்ல. சில 250 மில்லிக்கு, சில ஒரு லிட்டருக்கு. 250 மில்லிப் பொட்டலத்தை ஒரு லிட்டர் போத்தலில் கரைத்தால் கரைசல் நாலில் ஒரு பங்கு வீரியம். தண்ணீர் குடித்த மாதிரிதான். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு கிளாசில் கரைத்தால் நாலு மடங்கு உப்பு. உடம்பிலிருக்கும் தண்ணீரையும் அது குடலுக்கு இழுத்துவிடும். சின்னப் பிள்ளைக்கு வலிப்பு வரலாம், உயிரும் போகலாம்.

பொட்டலம் கையில் இல்லாத இரவில் என்ன செய்வது? கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலை தட்டிய தேக்கரண்டியில் சர்க்கரை 6, உப்பு அரை. இந்த அளவை எல்லாரும் மனப்பாடம் செய்யுங்கள். சர்க்கரைக்கும் உப்புக்கும் விகிதம் 12-க்கு 1.

"ஒரு கிளாஸ்தானே வேணும், ஒரு லிட்டர் எதுக்கு?" என்று கேட்பீர்கள். நாலில் ஒரு பங்கு என்றால் சர்க்கரை ஒன்றரைக் கரண்டி, உப்பு கரண்டியில் எட்டில் ஒரு பங்கு. தாளில் கணக்கு சரி. ஆனால் எட்டில் ஒரு கரண்டியை யாரால் அளக்க முடியும்? கை கொஞ்சம் தாராளமானால் உப்பு இரட்டிப்பாகிவிடும். பெரிய அளவாகக் கலந்தால் சிறு பிசகு சிறிதாகவே இருக்கும். ஆகவே ஒரு லிட்டராகவே கலந்து வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்குள் குடித்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கலந்ததும் ஒரு வாய் ருசி பாருங்கள். கண்ணீரைவிடக் கரிப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி. இரண்டு முதல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. கொஞ்சம் கொஞ்சமாக, கரண்டியால். கண் குழிவிழுந்து, சிறுநீர் போகாமல், பிள்ளை துவண்டு கிடந்தால் அல்லது மலத்தில் ரத்தம் கண்டால், கரைசலை ஊட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடி வாருங்கள்.

பால்மாவு: ஏழையின் கணக்கு

தாய்ப்பாலுக்குக் கரண்டியும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். ஆறு மாதம் வரை அது ஒன்றே போதும். ஆனால் விடியற்காலையில் வேலைக்குப் போகிற தாய் எல்லாராலும் முடிவதில்லை. டின் பால் கொடுக்க வேண்டியவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஒரு டின்னில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி என்றிருக்கும். இன்னொரு டின்னில் 60 மில்லிக்கு ஒரு கரண்டி என்றிருக்கும். ஏனென்றால் உள்ளே கிடக்கும் கரண்டியின் அளவே வேறு. 120 மில்லிப் பாலுக்கு முதல் டின்னில் 4 கரண்டி, இரண்டாவதில் 2 கரண்டி. டின் மாறியும் கணக்கு மாறவில்லையென்றால் பால் இரு மடங்கு கெட்டியாகிவிடும். மலம் இறுகும், உடம்பில் நீர் வற்றும், பிஞ்சுச் சிறுநீரகத்துக்குப் பாரம். ஒரு டின்னின் கரண்டியை இன்னொரு டின்னில் போடாதீர்கள். தண்ணீரை முதலில் அளந்து ஊற்றி, மாவைப் பிறகு போடுங்கள்.

இதைவிட அதிகம் நடப்பது இன்னொன்று. சம்பளம் போட நாள் இருக்கிறது, டின் அடியில் கொஞ்சம்தான் கிடக்கிறது. 120 மில்லிக்குப் போட வேண்டிய 4 கரண்டியை 180 மில்லியில் போட்டு ஆற்றிவிடுகிறார்கள். 6 நாள் வர வேண்டிய டின் 9 நாள் வருகிறது. சிக்கனம் போலத் தெரிகிறது. கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 9 நாளில் பிள்ளைக்குக் கிடைத்தது 6 நாள் சாப்பாடு. மூன்று நாள் பிள்ளை பட்டினி கிடந்ததற்குச் சமம். வயிறு தண்ணீரால் நிறைந்திருப்பதால் பிள்ளை அழாது. எடை மட்டும் ஏறாது. தண்ணீர் மிகவும் கூடினால் ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பும் வரும்.

இதற்குத் தாயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கூலிக்கும் விலைவாசிக்கும் உள்ள விகிதம் சரியில்லாதபோது பால் போத்தலில் விகிதம் கெடுகிறது. அந்தப் போராட்டம் சங்கத்தின் வேலை, நடக்கிறது. அதுவரை மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். எடை குறைந்த ஏழைக் குழந்தைகளுக்கு உணவுக் கூடை கொடுக்கும் திட்டம் அரசாங்கக் கிளினிக்குகளில் 1989 முதல் இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள, தகுதி பெறும் பிள்ளைகளுக்குப் பால்மாவும் அதில் அடங்கும். கேட்டு வாங்குவது பிச்சையல்ல. டீக்குக் கலக்கும் கெட்டிப்பாலைக் கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. அது சர்க்கரைதான், பாலல்ல.

மருந்து அடிப்பவர்களுக்கு

களைக்கொல்லி, பூச்சிமருந்து அடிக்கும் தோழர்களுக்கும் இதே கணக்குத்தான். லேபிளில் 10 லிட்டர் தண்ணீருக்கு 50 மில்லி என்று இருந்தால், 16 லிட்டர் பம்புக்கு 80 மில்லி. விகிதம் 200-க்கு 1. மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல் அளவுக் கோப்பையால் ஊற்றுங்கள். "கொஞ்சம் கூட்டி ஊத்துனா சீக்கிரம் சாகும்" என்ற பேச்சு உண்டு. புல் ஒரு தடவைதான் சாகும். கூடுதல் விஷம் உங்கள் தோலிலும் மூச்சிலும் ஓடைத் தண்ணீரிலும் சேரும்.

இந்த 200-க்கு 1 இன்னொன்றையும் சொல்கிறது. கலக்குகிறவர் கையில் படும் ஒரு துளி, தெளிப்பவர் மேல் படும் 200 துளிக்குச் சமம். ஆகவே கையுறையும் கண்ணாடியும் காட்டுக்குப் போன பிறகு போட்டுக்கொள்ள அல்ல. டின் மூடியைத் திறக்கும் முன்பே போட வேண்டும்.

பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2002-ல் தடை செய்ய அரசு முடிவெடுத்து, 2006-ல் தளர்த்தி, கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுவதும் தடை செய்தது. அதன் கலக்காத திரவம் ஒரு மடக்குப் போதும், உயிரை எடுக்க. பழைய டின் எங்காவது மூலையில் கண்டால் தொடாமல் சொல்லுங்கள். எந்த விஷத்தையும் குடிதண்ணீர் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். எந்த மருந்து அடிக்கிறோம், எந்த அளவில் என்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. 1994-ம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி அதைச் சொல்லிக் கொடுப்பதும் பாதுகாப்புச் சாமான் தருவதும் முதலாளியின் கடமை. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் வேலையிடத்தை விட்டு விலகும் உரிமையையும் 2024 ஜூன் 1 முதல் அந்தச் சட்டம் கொடுத்திருக்கிறது.

விகிதம் எங்கே நின்றுவிடும்?

கடைசிக் கேள்வி பாக்கி. காய்ச்சல் கூடினால் மருந்தைக் கூட்டலாமா?

கூடாது. காரணம், மருந்து எடையோடு விகிதத்தில் போகிறது, காய்ச்சலோடு போவதில்லை. 38 டிகிரிக்கும் 39 டிகிரிக்கும் ஒரே அளவுதான். எந்த இரண்டுக்கும் விகிதம் உண்டு என்று தெரியாமல் கணக்குப் போட ஆரம்பித்தால், பெருக்கல் வகுத்தல் எல்லாம் சரியாக இருந்தும் விடை விஷமாகும்.

நேரத்தோடும் அப்படித்தான். ஒரு தடவை கொடுத்த பிறகு 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் 4 தடவைக்கு மேல் கூடாது. "காலையில மறந்துட்டேன், சாயங்காலம் ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தேன்" என்பது கணக்கல்ல.

எடையோடு போகும் நேர் விகிதமும் எல்லையில்லாமல் போகாது. கிலோவுக்கு 15 என்று பெருக்கினால் 80 கிலோ ஆளுக்கு 1,200 மில்லிகிராம் வரும். ஆனால் பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 1,000 மில்லிகிராம், அதாவது 500 மாத்திரை இரண்டு. ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. அங்கே விகிதம் நின்று, எல்லை தொடங்குகிறது. மெலிந்தவர்களுக்கும் குடிப்பழக்கம், ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் அந்த எல்லை இன்னும் கீழே. கடையில் வாங்கும் சளி மாத்திரையிலும் பாரசிட்டமோல் இருக்கலாம். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நம் மலையே ஓர் உதாரணம். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர். 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடு ஏறக்குறைய 1 டிகிரி குறையும். ஆகவே இங்கே தண்ணீர் 95 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். கிருமி சாக அது போதும். ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். ஆனால் உயரம் இரட்டித்தால் கொதிசூடு பாதியாகும் என்று யாரும் கணக்குப் போடக்கூடாது. கூடும், குறையும் என்பதெல்லாம் விகிதமாகிவிடாது.

சுவரில் ஒட்டி வைக்க

1. எடை கூடினால் மருந்து கூடும். (நேர் விகிதம்)
2. போத்தலின் வீரியம் கூடினால் ஊற்றும் மில்லி குறையும். (எதிர் விகிதம்)
3. உப்புக் கரைசல், பால்மாவு, தெளிப்பு மருந்து: எழுதிய அளவுதான். (கலவை விகிதம்)
4. காய்ச்சல் கூடினாலும் மருந்து கூடாது. நாளைக்கு நாலு தடவையே எல்லை.
5. சந்தேகம் வந்தால் போத்தலையும் டின்னையும் கையோடு எடுத்து வந்து கேளுங்கள்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

அ. 12 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் மருந்து. போத்தலில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம். எத்தனை மில்லி?
ஆ. அதே குழந்தைக்கு, 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் போத்தலில் எத்தனை மில்லி?
இ. 250 மில்லிக்குரிய உப்புத்தூள் பொட்டலம் ஒரு லிட்டருக்கு எத்தனை?
ஈ. 10 லிட்டருக்கு 50 மில்லி என்றால் 12 லிட்டர் பம்புக்கு எவ்வளவு?

விடை: அ. 7.5 மில்லி. ஆ. 3.6 மில்லி. இ. 4 பொட்டலம். ஈ. 60 மில்லி.

நான்கும் சரியாகச் செய்த பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இனி மருந்து அளக்கும்போது அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஊற்றுவது பெரியவர் கையாக இருக்கட்டும்; கணக்கை இரண்டு பேர் பார்க்கட்டும். ஆஸ்பத்திரியில் நாங்களும் அப்படித்தான் செய்கிறோம்.